ஒரே நாற்காலி, இரண்டு பில்

மார்கழியிலும் தையிலுமாக எங்கள் வீட்டில் இரண்டு பேர் ஒரே பல் டாக்டரிடம், ஒரே நாற்காலியில் படுத்து ரூட் கெனால் செய்துகொண்டார்கள். ஒருவர் அக்காவின் வீட்டுக்காரரான மாமா, இன்னொருவர் அக்கா. மாமாவுக்கு ரூட் கெனால் 3,500, கேப் 6,500. அக்காவுக்கு ரூட் கெனால் 4,500, கேப் 5,500. கூட்டிப் பார்த்தால் ஆளுக்குப் பத்தாயிரம். இருவரும் ஒரே குடும்பப் பாலிசியில் இருப்பவர்கள். மாமாவின் பில்லுக்கு 9,500 ரூபாய் வந்தது. அக்காவின் பில்லுக்கு ஒரு பைசா வரவில்லை.

"ஏன்டா, அவர் பல்லு என்ன தங்கத்துலயா செஞ்சிருக்கு?" என்று அக்கா என்னைக் கேட்டாள். நான் ஒரு தனியார் மருத்துவமனையில் இன்சூரன்ஸ் டெஸ்க்கில் உட்காருகிறவன். குடும்பத்தில் யாருக்குக் கிளைம் நின்றாலும் ஃபைல் என் மடியில்தான் வந்து விழும். அக்காவுக்கு வாயால் சொன்ன பதில் அவளுக்குத் திருப்தியாக இல்லை. எழுதிப் பார்த்தால் எனக்கே தெளிவாகும் என்று தோன்றியது.

முதலில் பாலிசி. இருவரிடமும் இருப்பது ஆரோக்ய சஞ்சீவனி. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் ஒரே வாசகத்தை எழுதிக் கொடுத்து, 2020 ஏப்ரல் 1 முதல் எல்லா நிறுவனங்களும் விற்க வேண்டும் என்று கொண்டுவந்த பொதுப் பாலிசி இது. யாரிடம் வாங்கினாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான், பிரீமியம் மட்டும் மாறும். அக்கா வீட்டுக் காப்பீட்டுத் தொகை 5 லட்சம். அறை வாடகை நாளொன்றுக்கு அதிகபட்சம் 5,000. ஒவ்வொரு கிளைமிலும் 5 சதவீதம் நம் கையிலிருந்து போகும். அட்மிட் ஆவதற்கு முந்தைய 30 நாள் செலவும், டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய 60 நாள் செலவும் உண்டு. பல்லைப் பற்றி ஒரு வரி இருக்கிறது: நோயாலோ காயத்தாலோ தேவைப்படும் பல் சிகிச்சை. இந்த வரியை மட்டும் படித்துவிட்டுத்தான் அக்கா நம்பிக்கையோடு இருந்தாள். சொத்தைப் பல்லும் நோய்தானே?

அந்த வரி எந்தத் தலைப்பின் கீழ் இருக்கிறது என்பதை அவள் பார்க்கவில்லை. அது மருத்துவமனையில் அனுமதி என்ற தலைப்பின் கீழ் இருக்கிறது.

இனி மாமாவின் கதை. ஐப்பசி மழை, இரவு எட்டு மணி, துவாக்குடி தாண்டி வரும்போது சாலையோரம் கொட்டிக் கிடந்த ஜல்லியில் வண்டி சறுக்கியது. ஹெல்மெட் போட்டிருந்தார். ஆனால் முகம் மூடாத ஹெல்மெட். தலைக்கு ஒன்றும் ஆகவில்லை, கீழ்த்தாடை இரண்டு இடத்தில் உடைந்தது. மேலே முன்பல் இரண்டில் வலதுபக்கத்துப் பல் வேரோடு பிடுங்கிக்கொண்டு போய்விட்டது, இடதுபக்கத்துப் பல் பாதியில் முறிந்தது. விழுந்த பல்லை யாரும் தேடவில்லை. அதை வேர்ப்பக்கம் தொடாமல் எடுத்துப் பாலில் போட்டு, ஒரு மணி நேரத்துக்குள் பல் டாக்டரிடம் சேர்த்திருந்தால் திரும்ப வைத்துப் பார்க்க ஒரு வாய்ப்பு இருந்திருக்கும். அந்த நேரத்தில் ரத்தத்தைப் பார்ப்பார்களா, பல்லைத் தேடுவார்களா.

மருத்துவமனையில் அறுவை சிகிச்சை செய்து டைட்டானியம் பிளேட் வைத்தார்கள். மூன்று நாள் தங்கினார். கேஷ்லெஸ் கேட்டு அனுப்பியதும் ஒரு மணி நேரத்துக்குள் பதில் வந்தது. ஆணையத்தின் 2024 மே மாத சுற்றறிக்கைக்குப் பிறகு அந்த ஒரு மணி நேரம் கட்டாயம். ஆனால் வந்தது அனுமதி இல்லை, கேள்வி: "இது பல் சிகிச்சையா? விளக்கம் தேவை."

தாடை இரண்டாக உடைந்து, வாய் நிறைய பஞ்சோடு படுத்திருக்கும் மனிதருக்கு இந்தக் கேள்வி ஏன் வந்தது? படிவத்தில் கையெழுத்துப் போட்டவர் எம்.டி.எஸ்., அதாவது பல் மருத்துவத்தில் மேற்படிப்பு படித்த முக-தாடை அறுவை நிபுணர். பாலிசியில் 'மருத்துவர்' என்ற சொல்லுக்கு விளக்கம் இருக்கிறது. மருத்துவக் கவுன்சிலிலோ, சித்தா, ஆயுர்வேதம் போன்ற இந்திய மருத்துவம் அல்லது ஹோமியோபதிக் கவுன்சிலிலோ பதிவு செய்தவர் என்று அது போகும். பல் மருத்துவக் கவுன்சில் அந்த வாக்கியத்தில் இல்லை. பல் மருத்துவர்களுக்கு 1948-லேயே தனிச் சட்டம், தனிப் பதிவு என்று பிரித்துவிட்டோம். அந்தப் பிரிவினை இன்றைக்கு ஒரு டெஸ்க்காரரின் கண்ணில் முத்திரையாகத் தெரிகிறது. எம்.டி.எஸ். என்று பார்த்தால் பல், பல் என்றால் கேள்வி. எங்கள் மருத்துவமனையிலும் இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

நான் அந்த மருத்துவமனை டெஸ்க்கில் இருந்த பெண்ணிடம் ஒரே ஒரு விஷயம்தான் கேட்டேன்: படிவத்தில் நோய்க் குறியீடு என்ன போட்டிருக்கிறீர்கள்? கட்டம் காலியாக இருந்தது. சர்வதேச நோய் வகைப்பாட்டில் எஸ்02.6 என்றால் கீழ்த்தாடை எலும்பு முறிவு. எஸ்02.5 என்றால் பல் முறிவு. இரண்டும் காயங்களுக்கான எஸ் வரிசை. சொத்தை கே02-இல் வரும், பல்லின் உட்கூழ் அழுகுவது கே04-இல் வரும், அவை செரிமான மண்டல நோய்களின் வரிசை. டாக்டரிடம் சொல்லி எஸ்02.6-ஐயும் எஸ்02.5-ஐயும் எழுதி, விபத்து என்பதற்கு மருத்துவமனையின் விபத்துப் பதிவான ஏ.ஆர். காப்பியை இணைத்து, மது அருந்தியிருக்கவில்லை என்று கேஸ் ஷீட்டில் இருந்த வரியையும் அடிக்கோடிட்டு அனுப்பினோம். அனுமதி வந்துவிட்டது.

மொத்த பில் 1,42,000. அதில் கையுறை, பதிவுக் கட்டணம், அட்மிஷன் கிட் என்று 6,400 கழிந்தது. மீதி 1,35,600-இல் 5 சதவீதம், அதாவது 6,780 மாமா கட்டினார். பாலிசி 1,28,820 கொடுத்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை.

டிஸ்சார்ஜ் அன்று நான் செய்த ஒரு வேலை பிறகு 9,500 ரூபாயைக் காப்பாற்றியது. சம்மரியின் முதல் பிரதியில் "கீழ்த்தாடை முறிவு, பிளேட் பொருத்தப்பட்டது" என்று மட்டும்தான் இருந்தது. பல்லைப் பற்றிப் பேச்சே இல்லை. அறுவை நிபுணருக்கு அது சின்ன விஷயம், அவர் எலும்பைச் சேர்த்த நிம்மதியில் இருந்தார். நான் கெஞ்சி இரண்டு வரி சேர்க்க வைத்தேன்: விபத்தில் 11 என்ற பல் இழப்பு, 21 என்ற பல் முறிவு, 21-க்குத் தற்காலிக அடைப்பு, பின்னர் ரூட் கெனால் தேவைப்படும். பல் டாக்டர்கள் வாயை நான்காகப் பிரித்து எண் கொடுப்பார்கள். 11 மேல் வலது முன்பல், 21 மேல் இடது முன்பல். "இதெல்லாம் எதுக்கு மாப்ள?" என்று மாமா வாயைத் திறக்க முடியாமல் சைகையிலேயே கேட்டார்.

மூன்று வாரம் தாடையை ரப்பர் வளையம் போட்டுக் கட்டியிருந்தார்கள். கஞ்சியும் ஜூஸும் உறிஞ்சித்தான் குடித்தார். அவிழ்த்த பிறகும் இரண்டு விரல் நுழையும் அளவுக்கு வாய் திறக்கப் பயிற்சி செய்ய வேண்டியிருந்தது. அதனால் 21-ஆம் எண் பல்லுக்கு ரூட் கெனால் முடிந்து கேப் போட்டது டிஸ்சார்ஜ் ஆன 38-ஆவது நாள். 60 நாளுக்குள் வந்துவிட்டது. சிகிச்சை முடிந்த 15 நாளுக்குள் பில்லைக் கொடுக்க வேண்டும், கொடுத்தோம்.

மறுப்புக் கடிதம் வந்தது. பல் சிகிச்சை புறநோயாளியாகப் பெறப்பட்டது, புறநோயாளிச் சிகிச்சைக்குப் பாலிசியில் இடமில்லை.

இந்தக் கடிதத்தைப் பார்த்துப் பெரும்பாலானவர்கள் விட்டுவிடுவார்கள். புறநோயாளிச் சிகிச்சை விலக்கு என்பது உண்மைதான், பாலிசியில் அப்படியே இருக்கிறது. ஆனால் டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய 60 நாள் செலவு என்று ஒரு பிரிவு இருக்கிறதே, அது என்ன செலவு? வீட்டுக்கு வந்த பிறகு மருந்து வாங்குவது, டாக்டரிடம் மறுபடி போவது, ஸ்கேன் எடுப்பது. எல்லாமே புறநோயாளிச் செலவுதான். அதைப் புறநோயாளிச் செலவு என்று சொல்லியே மறுப்பதென்றால் அந்தப் பிரிவை அச்சடித்த மை வீண். அந்தப் பிரிவு கேட்பது இரண்டுதான்: எந்தக் காரணத்துக்காக அட்மிட் ஆனாரோ அதே காரணத்துக்கான செலவாக இருக்க வேண்டும், அந்த அட்மிஷன் கிளைம் ஏற்கப்பட்டிருக்க வேண்டும்.

நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு ஒரு பக்கத்தில் எழுதினேன். அட்மிஷன் கிளைம் ஏற்கப்பட்ட கடிதம், 21-ஆம் எண் பல் முறிந்ததைச் சொல்லும் டிஸ்சார்ஜ் சம்மரி, அதே எண் உள்ள பல் டாக்டரின் பில், ரூட் கெனாலுக்கு முன்னும் பின்னும் எடுத்த எக்ஸ்ரே. கேப்பை அழகுக்காக என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்து இன்னொரு வரியும் சேர்த்தேன். அழகு சிகிச்சைக்கான விலக்கிலேயே ஒரு விதிவிலக்கு இருக்கிறது: விபத்து, தீக்காயம், புற்றுநோய் ஆகியவற்றுக்குப் பிந்தைய சீரமைப்பு அந்த விலக்கில் வராது. கடைசியாக, மறுப்பதானால் கிளைம் மறுஆய்வுக் குழுவின் ஒப்புதலோடு, எந்தப் பிரிவின்படி என்று குறிப்பிட்டு எழுதும்படி கேட்டேன். அதுவும் 2024 சுற்றறிக்கையில் உள்ளதுதான். 19 நாள் கழித்து 9,500 வந்தது.

அதே நேரத்தில் ஒரு 1,800 ரூபாயை நானே கோட்டைவிட்டேன். பல் போன இடத்துக்குத் தற்காலிகமாகக் கழற்றி மாட்டும் பல் ஒன்று செய்திருந்தார்கள், 45-ஆவது நாள். அந்த பில் மாமாவின் சட்டைப் பையில் இருந்து, சட்டை துவைக்கப் போய், கூழாகி வந்தது. இரண்டாவது பிரதி வாங்கலாம் என்று எனக்குத் தோன்றியபோது 15 நாள் தாண்டியிருந்தது.

அடுத்தது 11-ஆம் எண் பல், வேரோடு போனது. அதற்கு இம்ப்ளான்ட், அதாவது தாடை எலும்பில் திருகி நிறுத்தும் செயற்கைப் பல், வைக்கலாம் என்றார் பல் டாக்டர். பல் பிடுங்கப்பட்ட பள்ளத்தில் எலும்பு ஊறி வர வேண்டும், அதற்கு மூன்று மாதத்திலிருந்து ஆறு மாதம் ஆகும் என்றார். மாமாவுக்குப் பங்குனியில் வைத்தார்கள், 38,000 ரூபாய். அந்த பில் 60 நாள் எல்லைக்கு வெகு தூரம் வெளியே. அனுப்பினோம், திரும்பி வந்தது.

இங்கேதான் எனக்கு விஷயம் உறைத்தது. பாலிசிக்கு ஒரு காலண்டர், எலும்புக்கு ஒரு காலண்டர். 60 நாள் என்பது குடல்வாலையோ பித்தப்பையையோ மனதில் வைத்துப் போட்ட கணக்கு. தையல் பிரித்து, மருந்து முடிந்து, ஆள் வேலைக்குப் போய்விடுவார். தாடை எலும்பு அந்தக் கணக்குக்குள் அடங்காது.

வேறு வழி இருந்ததா என்றால், இருந்தது. இருபக்கப் பல்லையும் தேய்த்துச் சிறிதாக்கி மூன்று பல்லாகச் சேர்த்து ஒரு பிரிட்ஜ் போட்டிருந்தால் 60 நாளுக்குள் முடிந்திருக்கும். 21-க்கு எப்படியும் கேப் போடத்தான் போகிறார்கள். நானே டாக்டரிடம் இதைக் கேட்டேன். அவர் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். "12-ஆம் எண் பல் நல்லா இருக்கு சார். இன்சூரன்ஸுக்காக அதைத் தேய்க்கச் சொல்றீங்களா?" அதற்குப் பிறகு நான் பேசவில்லை. அவர் சொன்னதுதான் சரி என்று இப்போதும் நினைக்கிறேன், 38,000 கொடுத்த பிறகும்.

இம்ப்ளான்ட் மறுப்பை எடுத்துக்கொண்டு சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாமா என்று மாமா கேட்டார். போகச் செலவில்லை, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் வரை அவருக்கு அதிகாரம் உண்டு, நிறுவனம் மறுத்த ஓராண்டுக்குள் மனு கொடுத்தால் போதும். ஆனால் நம் பக்கம் சட்டை மாட்ட ஆணி வேண்டுமே. 60 நாள் என்பது விவாதத்துக்கு இடமில்லாத எண். ரூட் கெனாலை மறுபடி மறுத்திருந்தால் கண்டிப்பாகப் போயிருப்பேன். வண்டி இன்சூரன்ஸில் 15 லட்சத்துக்குத் தனிநபர் விபத்துக் காப்பீடு இருக்கிறதே என்றும் கேட்டார். உயிர் போனால், கை கால் கண் போனால், நிரந்தரமாக முடங்கினால் அதில் பணம் உண்டு. பல்லுக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை.

இப்போது அக்கா. கீழ்க் கடைவாய்ப் பல், இரண்டு வருஷமாகச் சொத்தை. குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூசும், கிராம்பு வைத்து ஓட்டினாள். மாமா விபத்தில் இருந்தபோது தன் வலியைச் சொல்லவே இல்லை. பொங்கல் கரும்பு கடித்த அன்று இரவு தூங்க முடியாமல் போய், மறுநாள் டாக்டரிடம் போனாள். கே04. அட்மிஷன் இல்லை. முந்தைய 30 நாள், பிந்தைய 60 நாள் என்று பேசுவதற்கு நடுவில் ஒரு அட்மிஷனே இல்லை.

மயக்க ஊசி போட்டுத்தானே செய்தார்கள், டே கேர் சிகிச்சையில் வராதா என்று கேட்டாள். நல்ல கேள்வி. டே கேர் என்றால் முழு மயக்கமோ, அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்வதோ, ஏதாவது ஒன்றின் கீழ், 24 மணி நேரத்துக்குள் முடியும் சிகிச்சை என்று இருக்கிறது. ஆனால் அடுத்த வரியிலேயே கதவைச் சாத்துகிறார்கள்: வழக்கமாகப் புறநோயாளியாகப் பெறப்படும் சிகிச்சை இதில் சேராது. ரூட் கெனாலைவிட வழக்கமாகப் புறநோயாளியாகப் பெறும் சிகிச்சை வேறு எது?

கிளினிக்கில் வரவேற்பில் இருந்த பையன் ஒரு யோசனை சொல்லியிருக்கிறான்: "ஒரு நாள் அட்மிட் போட்ட மாதிரி பில் வாங்கிக்கலாமே." இதை நான் டெஸ்க்கில் அடிக்கடி கேட்கிறேன். பாலிசியின்படி மருத்துவமனை என்றால் ஊரின் மக்கள்தொகையைப் பொறுத்து 10 அல்லது 15 படுக்கை, இரவும் பகலும் நர்ஸ், அறுவை அரங்கு, அன்றாடப் பதிவேடு எல்லாம் வேண்டும். இரண்டு நாற்காலி உள்ள கிளினிக் அதில் வராது. வேறு மருத்துவமனையில் போய்ப் படுத்த மாதிரி காகிதம் தயாரித்தால் அது மோசடி, கண்டுபிடித்தால் அந்தக் கிளைமோடு நிற்காது, பாலிசியே போய்விடும். மாமாவுக்கு 1,28,820 கொடுத்த பாலிசியைப் பத்தாயிரத்துக்குப் பணயம் வைக்க அக்கா ஒன்றும் முட்டாள் இல்லை.

அவளுக்குக் கோபம் வேறு இடத்தில்தான். "அப்ப நான் கவனிக்காம விட்டு, சீழ் கழுத்துக்கு இறங்கி, ஐ.சி.யூ.-ல போட்டிருந்தா குடுத்திருப்பாங்களா?" கொடுத்திருப்பார்கள். எங்கள் மருத்துவமனையிலேயே அப்படி ஒருவர் வந்தார். கடைவாய்ப் பல் சீழ், கழுத்து வீங்கி, மூச்சு விட முடியாமல் வந்து ஐந்து நாள் படுத்தார். அவருடைய கிளைமில் கேள்வியே வரவில்லை. சில ஆயிரத்தில் முடிந்திருக்க வேண்டிய பல், லட்சத்தை நெருங்கிய பில்லாகி, அதைப் பாலிசி கட்டியது.

பல்லுக்கென்றே தனி இன்சூரன்ஸ் வைத்திருக்கும் அமெரிக்காவிலும் இந்த முரண் உண்டு. அங்கே கோடு வேறு இடத்தில் விழுகிறது. பல தனியார் பல் பாலிசிகளில் ஆண்டுக்கு ஆயிரம், ஆயிரத்து ஐநூறு டாலர் வரைதான் தருவார்கள், அதற்கு மேல் போனால் நம் பாடு. ஏழைகளுக்கு அரசின் மெடிக்கெய்டு. மேரிலாண்டில் டியமான்டே டிரைவர் என்ற 12 வயதுப் பையன் 2007 பிப்ரவரியில் இறந்தான். பல்லில் பிடித்த சீழ் மூளைக்கு ஏறிவிட்டது. 80 டாலரில் பிடுங்கியிருக்க வேண்டிய பல் என்று அப்போது செய்திகள் எழுதின. இரண்டு மூளை அறுவை சிகிச்சை உட்பட மருத்துவமனைச் செலவு இரண்டரை லட்சம் டாலர். வீடில்லாமல் இடம் மாறிக்கொண்டிருந்த குடும்பம் அது, மெடிக்கெய்டு பதிவும் நடுவில் விட்டுப்போயிருந்தது. அந்தக் கார்டை ஏற்கும் பல் டாக்டரைக் கண்டுபிடிப்பதே அங்கே பெரும்பாடு. அதன் பிறகு 2009-இல் குழந்தைகள் காப்பீட்டுச் சட்டத்தில் பல் சிகிச்சையைக் கட்டாயமாக்கினார்கள்.

நம் ஊரில் இ.எஸ்.ஐ. பொருந்தும் நிறுவனங்களில் சம்பளம் 21,000 வரை உள்ளவர்களுக்கு அந்தக் காப்பீடு இருக்கிறது, அங்கே பல்லையும் பார்ப்பார்கள். சென்னையில் அரசுப் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நடுவில் மாட்டிக்கொள்வது அக்கா மாதிரி ஆட்கள்.

பாலிசி புதுப்பிக்க ஏஜென்ட் வந்தபோது, வேறொரு பாலிசிக்கு மாறினால் புறநோயாளிச் செலவையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று தாள் நீட்டினார். அக்கா இந்த முறை என்னைக் கூப்பிடவில்லை. தானே கேட்டாள்: பல்லுக்கு வருஷத்துக்கு எவ்வளவு வரை? எத்தனை மாசம் காத்திருக்கணும்? கேப் உண்டா, இம்ப்ளான்ட் உண்டா? எந்த டாக்டர்கிட்ட வேணாலும் போகலாமா? பல்லுக்கு 5,000 வரை, அதுவும் அவர்கள் பட்டியலில் உள்ள டாக்டரிடம், கேப் கிடையாது என்று தெரிந்தது. கூடுதல் பிரீமியம் மூன்று பேருக்கும் சேர்த்து 4,200. அக்கா அந்தத் தாளின் பின்பக்கத்திலேயே கூட்டிப் பார்த்துவிட்டு ஏஜென்டிடம் திருப்பிக் கொடுத்தாள். பழைய பாலிசியையே புதுப்பித்தாள்.

அடுத்த வாரம் தபால் ஆபீசில் மாதம் 400 ரூபாய்க்கு ஒரு ஆர்.டி. தொடங்கினாள். பாஸ்புக் அட்டையில் 'பல்' என்று பேனாவால் எழுதி வைத்திருக்கிறாள். மாமாவின் புதுப் பல் பக்கத்துப் பல்லைவிடக் கொஞ்சம் வெளுப்பு, சிரித்தால் தெரியும்.